ஆமா என்று சொல்ல விடாத பெரிய சிஸ்டர்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால், ஒன்றும் கிடையாது. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். லீவு லெட்டருக்கு மேல் எதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் எனக்கு வாயும் திறக்காது. படித்தவர்கள் எழுதவேண்டிய ஒருவரைப் பற்றி நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவரோடு வேலை பார்த்த டாக்டர்கள் எல்லாம் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு நேரம் இருக்காது. எனக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலை. லிஃப்ட்டுக்காக நிற்கிற நேரமெல்லாம் எனக்குச் சொந்தம். அந்த நேரத்தில்தான் இதெல்லாம் ஞாபகம் வருகிறது.

அவர் பெயரைச் சொல்லமாட்டேன். பார்க்கிறவர்களிடம் எல்லாம் பேர் கேட்டே வாழ்ந்த மனுஷிக்கு, தன் பேர் வெளியே வருவது பிடிக்காது. நாங்கள் பெரிய சிஸ்டர் என்போம். ஆள் ஐந்தடிகூட இருக்கமாட்டார். கொண்டையில் ஒரு நீலப் பேனாவைச் செருகியிருப்பார். அதைச் சேர்த்தால் ஐந்தடி வரும். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா ரயில்வேயில் இருந்தவராம். கோபம் இல்லாதபோது நல்ல தமிழ் பேசுவார். கோபம் வந்தால் பிறந்த தெருவின் தமிழ் வந்துவிடும். "இன்னாடா" என்று ஆரம்பித்தாரென்றால் நாங்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பொருளைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வோம்.

ஆஸ்பத்திரி ராயபுரத்தில்தான். சின்ன ஆஸ்பத்திரி. முதல் மாடியில் ஆண்கள் வார்டு, எட்டுக் கட்டில். ஹார்பரில் வேலை செய்கிறவர்கள், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்கள், இவர்கள்தான் வருவார்கள். எட்டு ஃபேனில் ஏழு சும்மா பேருக்குச் சுற்றும். மூன்றாம் கட்டிலுக்கு மேலே இருந்தது மட்டும் அசுர வேகம். அதற்கு விமானம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

சித்திரை, வைகாசியில் அந்த விமானத்துக்குக் கீழே படுக்கப் போட்டி நடக்கும். நம் ஆட்கள் தாராள மனசுக்காரர்கள். மூன்றாம் கட்டில்காரர் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்து, "நைனா, நான் காலீல இருந்து காத்து வாங்கிட்டேன். நீ கொஞ்ச நேரம் குந்து" என்று எழுந்து இடம் கொடுத்துவிடுவார். அவர் எழுந்து போனாலும், கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிற கேஸ் ஷீட் எழுந்து போகாது. அது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் புதிதாக வந்த நர்ஸ் பெண் ஒருத்தி, சர்க்கரை ஊசியை எடுத்துக்கொண்டு மூன்றாம் கட்டிலுக்குப் போனாள். ஷீட்டைப் பார்த்தாள். படுத்திருந்தவரைப் பார்த்தாள். "நீங்கதானே கோவிந்தசாமி?" என்று கேட்டாள். தூக்கக் கலக்கத்தில் அவர் தலையாட்டினார். அவள் பஞ்சை எடுத்துத் துடைக்கும்போது வாசலில் இருந்து குரல் வந்தது.

"நில்லு."

பெரிய சிஸ்டர் ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தார். ஆனால் அந்த ரப்பர் செருப்புச் சத்தம் அவ்வளவு வேகமாக அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"உங்க பேர் என்ன?"

"பாஷாம்மா. லாரி டிரைவரு. கால்ல பிளேட்டு வெச்சிகீறாங்கோ."

"அப்போ கோவிந்தசாமின்னு கேட்டதுக்கு ஏன் தலையாட்டினீங்க?"

பாஷா பாய் எழுந்து உட்கார்ந்தார். "பொண்ணு மரியாதியா கேட்டுச்சி. மூஞ்சில அட்ச்ச மாதிரி இல்லன்னு எப்டிமா சொல்றது?"

கோவிந்தசாமி நாலாம் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதி இல்லாத ஆளுக்கு அந்த ஊசி ஏறியிருந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிறகுதான் சொன்னார்கள். தூங்கினவர் தூங்கினவர்தான், எழுந்திருக்கமாட்டாராம்.

அந்தப் பெண் அழுதாள். பெரிய சிஸ்டர் அவளைத் திட்டவில்லை. நர்ஸ் ரூமுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, என்னை டீ வாங்கிவரச் சொன்னார். நான் டீயோடு உள்ளே போகும்போது சொல்லிக்கொண்டிருந்தார்:

"ஆமான்னு பதில் சொல்ற மாதிரி ஒரு கேள்வியையும் இந்த வார்டுல கேக்காத. நம்ம ஜனம் இருக்கே, மரியாதைக்கு ஆமான்னும். பயத்துல ஆமான்னும். காது கேக்கலன்னாலும் ஆமான்னும். பேரை நீ சொல்லாத. அவங்க வாயால வரட்டும். அப்பா பேரும் வரட்டும்."

அதுதான் அவர் சட்டம். அவரைப் பற்றி எதைச் சொன்னாலும் அந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கவேண்டியிருக்கிறது.

பத்து வருஷமாகப் பழகினவராக இருந்தாலும் சரி, ஊசி, மாத்திரை, ரத்தம், ஸ்கேன் என்று எதுவாக இருந்தாலும் முதலில் பேர், அப்புறம் அப்பா பேர். காலையில் சொன்னவர் மதியமும் சொல்லவேண்டும். "இன்னா சிஸ்டர், காலீலதானே கேட்டீங்கோ" என்று சலித்துக்கொண்டால், "காலையில நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். இப்போ யாருன்னு சொல்லுங்க" என்பார்.

வார்டுக்கு வெளியேயும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒருமுறை டோல்கேட்டில் ஷேர் ஆட்டோவுக்காக அவரோடு நின்றேன். ஆட்டோ வந்தது. "திருவொற்றியூர் போகுமா?" என்றுதானே நாமெல்லாம் கேட்போம்? அவர், "வண்டி எங்க போகுது?" என்றார். டிரைவர், "நீ எங்க போணும், அத்த சொல்லுமா" என்றான். "நான் கேட்டதுக்கு நீ முதல்ல சொல்லு" என்றார் இவர். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் கன்டெய்னர் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். உள்ளே இருந்த பூக்கார அம்மா ஒருத்தி தாங்கமுடியாமல், "எண்ணூர் போவுதும்மா, ஏறித் தொலை!" என்று கத்தினாள். எண்ணூர் என்றால் திருவொற்றியூரைத் தாண்டித்தான் போகவேண்டும். அப்புறம்தான் ஏறினார். ஏறி உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "போகுமான்னு கேட்டா ஆமான்னு ஏத்திக்குவான் தம்பி. பாதி வழியில, தேரடியில இறக்கி விட்டுட்டு, இதோட அவ்ளோதான்னுவான்."

அவர் பூசைக்குப் போகிற மாதா கோயில் ஃபாதரே ஒருதடவை மூச்சுத்திணறல் என்று வந்து படுத்தார். ஃபாதருக்கு மட்டும் தனி அறை. நான்தான் ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஊசித் தட்டோடு சிஸ்டர் நிற்கிறார்.

"ஃபாதர், உங்க பேர் சொல்லுங்க."

"ஏம்மா, முப்பது வருஷமா என் பூசையில முன்வரிசையில நிக்கற!"

"அங்க நீங்க என் பேரைக் கேக்கறதில்ல ஃபாதர். இங்க நான் கேப்பேன். அப்பா பேரும் சேத்துச் சொல்லுங்க."

ஃபாதர் சொன்னார். ஊசி போட்டு முடித்த பிறகு காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். "அப்போ கல்யாணத்துல நாங்க கேக்கறது எல்லாமே தப்பான கேள்விதான். எல்லாத்துக்கும் ஆமாதான் பதில்" என்றார்.

"அதான் ஃபாதர், ஞாயித்துக்கிழமையானா உங்க ஆபீஸ் வாசல்ல அத்தனை புருஷன் பொண்டாட்டி பஞ்சாயத்துக்கு நிக்கறாங்க."

ஃபாதருக்குச் சிரிக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

இப்படி அவர் ஆனது எப்படி என்று ஒரே ஒருதடவை கேட்டேன். அதுவும் நானாகக் கேட்கவில்லை. நத்தோலி மீன் வறுவல் டப்பாவைத் திறந்து எனக்கும் இரண்டு வைத்த ஒரு மதியம், வாய் தானாகக் கேட்டுவிட்டது. அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"வேலைக்குச் சேந்த புதுசுல நானும் நீங்கதானேன்னு கேட்டேன். ஒரு அம்மா ஆமான்னாங்க."

"அப்புறம் சிஸ்டர்?"

"அப்புறம் நான் அப்படிக் கேக்கறதில்ல."

டப்பாவை மூடிவிட்டார். பாதிச் சோறு இருந்தது.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. அது எனக்குப் பெரிய சங்கடம். வார்டு ரவுண்ட்ஸ் முடிந்ததும், பெருக்குகிற அம்மாவையும் என்னையும் நிறுத்திவைத்து, "என்ன பார்த்தே?" என்று கேட்பார். "ஏதாவது பார்த்தியா?" என்று கேட்டிருந்தால் நான் "இல்ல சிஸ்டர்" என்று சொல்லித் தப்பித்திருப்பேன். "என்ன பார்த்தே?" என்றால் ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? பெருக்குகிற அம்மா எல்லாம் சொல்வாள். யார் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்தது, யார் பாத்ரூமில் பீடி பிடித்தது, எல்லாம். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டாம் பெட்டு சாரு தூங்குனாரு" என்பேன். "நல்லது. தூங்கினது ஒரு விஷயம்தான்" என்பார். என்னைக் கேலி செய்ததே இல்லை.

இப்போது ஏழுமலைக்கு வருகிறேன்.

ஏழுமலை காசிமேட்டில் படகுக்கு ஐஸ் ஏற்றுகிறவர். ஐம்பது வயதிருக்கும். ஐஸ் பெட்டி சரிந்து இடது விலாவில் இடித்து, இரண்டு எலும்பில் விரிசலோடு வந்து சேர்ந்தார். முதல் நாள் எடுத்த ஸ்கேனில் வேறு ஒன்றும் இல்லை. வலிக்கு மருந்து போட்டு, சில நாள் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். அவருக்கு வாய்த்தது மூன்றாம் கட்டில். விமானத்துக்குக் கீழே ராஜா மாதிரி படுத்துக்கொண்டு வார்டையே ஆட்டிவைத்தார்.

முதல் நாள் சிஸ்டர் பேர் கேட்டதும், "கவர்னரு" என்றார்.

"அப்பா பேர்?"

"அவுரும் கவர்னருதான். பரம்பரத் தொயிலு."

எட்டுக் கட்டிலும் சிரித்தது. பெரிய சிஸ்டர் சிரிக்கவில்லை. "இந்த ஊசி ஏழுமலைங்கறவருக்கு. கவர்னருக்குக் கிடையாது. ஏழுமலை வந்தா சொல்லியனுப்புங்க" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஐந்து நிமிஷம் போயிருக்கும். இருமல் வந்து விலாவில் சுளீரென்று பிடித்ததும், "சிஸ்டர்! சிஸ்டர்! ஏழுமல வந்துட்டான். பஸ்ஸு லேட்டு!" என்று கூவினார்.

"அப்பா பேர்?"

"கன்னியப்பன். அவுரும் கூட வந்துகீறாரு. போடும்மா தாயே."

அப்புறம் இது பெரிய சிஸ்டர் ஊசியோடு வரும்போதெல்லாம் நடக்கிற நாடகம் ஆகிவிட்டது. ஒருநாள் ஹார்பர் சேர்மன். ஒருநாள் ரயில்வே மந்திரி. ஒருநாள், "பேரு மறந்துபோச்சி, நீயே ஒரு சோக்கான பேரா வெய்யி" என்றார். பக்கத்து வார்டில் இருந்தெல்லாம் ஊசி நேரத்துக்கு வேடிக்கை பார்க்க வருவார்கள்.

என்னையும் அவர் விடவில்லை. நான் வார்டுக்குள் நுழைந்தால், "த்தோ வந்துட்டாருப்பா கல்யாணப் பொண்ணு! இன்னா மாமு, தல நிமுந்தா கய்த்து சுளுக்கிக்குமா?" என்பார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிடும். அவர் மனைவி மல்லிகா மூன்று வேளையும் தூக்கு வாளியோடு வருவாள். அவளுக்கும் அர்ச்சனைதான். "இன்னாமே கொயம்பு இது? கடல்ல உப்பே இல்லியா?" அவளும் சும்மா இருக்கமாட்டாள். "உன்ன கடல்ல போட்டா உப்பு கரிக்கும்யா. துன்னுட்டு மூடிகினு படு."

ஐந்தாம் நாள் மாறிவிட்டது.

காலையில் நான் தலையணை உறை மாற்றப் போனேன். ஏழுமலை, "அண்ணே, கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?" என்றார். அண்ணே! நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று. தண்ணீர் கொடுத்தேன். "தேங்க்ஸ்ண்ணே" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாலு நாள் பொறுமையாக இருந்ததற்கு ஒரு பலன் கிடைத்துவிட்டது, மனுஷன் என்னை மதிக்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு மல்லிகா வந்தாள். இரண்டு மெதுவடை ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள். "வாம்மா. நீ துன்னியா?" என்று கேட்டாராம். வடையைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டாராம். அவள் வராண்டாவுக்கு ஓடிவந்து, வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "அண்ணே, இருவத்தாறு வருசத்துல மொதோ தபா, நீ துன்னியான்னு கேட்டுச்சிண்ணே அந்த மன்சன்! பெரியபாளையத்தாளுக்குப் பொங்க வெக்கணும்." அவள் கண்ணில் தண்ணீர். நானும், "நல்லதும்மா" என்றேன்.

டியூட்டி டாக்டர் இளம் வயசு, நல்ல பையன். ரவுண்ட்ஸில், "எப்படி இருக்கீங்க, வலி குறைஞ்சிருக்கா?" என்றார். "ஆமா சார்" என்றார் ஏழுமலை. "வெரி குட்" என்று எழுதிவிட்டுப் போனார். மொத்த வார்டும், சனியன் அடங்கிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கியது.

பெரிய சிஸ்டருக்கு அன்று மதியம் ஷிஃப்ட். இரண்டு மணிக்கு ஊசித் தட்டோடு வந்தார். பக்கத்து வார்டுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். இன்றைக்கு என்ன பேர் வரப்போகிறது என்று எல்லோருக்கும் ஆவல்.

"உங்க பேர் என்ன?"

"ஏழுமலைங்க."

"அப்பா பேர்?"

"கன்னியப்பன்."

வாசலில் நின்றவர்கள், ப்ச் என்று கலைந்து போனார்கள். சிஸ்டர் மட்டும் போகவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வந்திருக்கிறது. ஊசி போடவேண்டியதுதானே? போடவில்லை. தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "டாக்டரைக் கூப்பிடு தம்பி. உடனே" என்றார்.

டாக்டர் சாப்பாட்டில் இருந்து எழுந்து வந்தார். பிரஷர் பார்த்தார். "நூத்திப் பத்துக்கு எழுபது. நார்மல்தானே சிஸ்டர்?"

"அது உங்களுக்கு நார்மல் டாக்டர். இவருக்கு வந்த நாள்ல இருந்து நூத்தி நாப்பதுக்குக் குறைஞ்சதே இல்ல. நாடி எண்பதுல இருந்தது, இப்போ நூத்தியெட்டு."

"காய்ச்சல் இல்ல. பேச்சு தெளிவா இருக்கு. வலி குறைஞ்சிருக்கு, அதான் அமைதியா இருக்கார்."

"வலி குறைஞ்சா இந்த ஆளுக்குச் சத்தம் ஏறும் டாக்டர். இறங்காது."

டாக்டர் கொஞ்சம் பொறுமையாகவே கேட்டார். "சரி சிஸ்டர். பெரிய டாக்டருக்கு போன் போட்டு நான் என்னன்னு சொல்றது? பேஷண்ட் பேரைச் சரியா சொல்றார், பயமா இருக்குன்னா?"

"ஆமா" என்றார் பெரிய சிஸ்டர்.

அவர் வாயில் இருந்து அந்த வார்த்தை ஒரு பதிலாக வந்து நான் கேட்டது அப்போதுதான்.

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். நியாயம்தானே? ஒரு ஆள் மரியாதையாகப் பேசுகிறார் என்பதற்காக ஊரைக் கூட்டமுடியுமா? சிஸ்டர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"நீ காலையில இருந்து இங்கதான இருந்தே தம்பி. என்ன பார்த்தே?"

டாக்டர் என்னைப் பார்க்கிறார். மல்லிகா பார்க்கிறாள். எட்டுக் கட்டிலில் விழித்திருந்தவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். தூங்கினாரு என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் மூன்று தடவை நான் தண்ணீர் கொடுத்த டம்ளர் அங்கேயே ஸ்டூலில் இருந்தது.

"மூணு தபா தண்ணி கேட்டாரு சிஸ்டர்" என்றேன். "வடையத் துன்னல. என்னை அண்ணேன்னாரு." இதைச் சொல்லும்போது வெட்கமாக இருந்தது. "அப்புறம் தோளைத் தேச்சிகினே இருந்தாரு. இந்தப் பக்கம், இடது தோளு. தலகாணி சரியில்லன்னு நான் மாத்திக் குடுத்தேன். அப்பவும் தேச்சாரு."

டாக்டரின் முகம் மாறியது. குனிந்து, "தோள்பட்டை வலிக்குதா?" என்று ஆரம்பித்தவர், சிஸ்டரை ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்தினார். "எங்கெங்க வலிக்குது, சொல்லுங்க" என்று மாற்றிக் கேட்டார்.

"தோளுதான் சார். விலாகூட இல்ல. தோளுல இன்னாமோ குத்துது" என்றார் ஏழுமலை. நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை. விமானம் தலைக்குமேல் பறந்துகொண்டிருக்கிறது, அந்தக் காற்றிலும் வியர்வை.

டாக்டர் வயிற்றின் இடது பக்கம் மெதுவாக அழுத்தினார். ஏழுமலை பல்லைக் கடித்தார். ஒரு வசவுகூட வரவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

"ஸ்கேன்" என்றார் டாக்டர். "ஓடுங்க."

ஸ்ட்ரெச்சரோடு நான் ஓடிய ஓட்டத்தை என் கல்யாணத்துக்குக்கூட ஓடியதில்லை. ஸ்கேன் ரூமில் டாக்டர் திரையைக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, கறுப்பாக இருந்தது. வயிற்றுக்குள்ளே ரத்தம் என்றார். இடது விலாவுக்கு உள்ளே மண்ணீரல் என்று ஒன்று இருக்கிறதாம். அன்றைக்கு இடித்ததில் உள்ளுக்குள் கீறல் விழுந்து, முதல் ஸ்கேனில் தெரியாத அளவுக்கு இருந்திருக்கிறது. இன்றைக்குக் கிழிந்துவிட்டது. உள்ளே வழிகிற ரத்தம் மேலே முட்டினால் வலி தோளில் தெரியுமாம். எங்கேயோ அடி, எங்கேயோ வலி. நான் தலையணையை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் தண்டையார்பேட்டையில் இருந்தார். கன்டெய்னர் லாரி வரிசை நிற்கிறது, கார் நகரவில்லை என்று போன் வந்தது. பத்து நிமிஷத்தில் ஒரு மீன் வியாபாரியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். மல்லிகா யாருக்குப் போன் போட்டாளோ தெரியாது, காசிமேட்டில் இருந்து இரண்டு வண்டி நிறைய ஆட்கள், ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வராண்டா முழுக்க மீன் வாசம். "யோவ், வரிசையா நில்லுங்கய்யா, ஏலமா உடறாங்கோ?" என்று அவர்களுக்குள்ளேயே சத்தம்.

மல்லிகா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். "நீ துன்னியான்னு கேட்டுச்சே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "அப்பவே எனக்கு வெளங்கியிருக்கணும். பாவி, நான் சந்தோசப்பட்டேனே." நானும் சந்தோஷப்பட்டவன்தான்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிஸ்டர் ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொன்னார். உள்ளே எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கையில் ரத்தப் பாட்டில், கேஸ் ஷீட். அவ்வளவு அவசரத்திலும் குனிந்தார்.

"உங்க பேர் என்ன?"

உதடு வெளுத்துப்போயிருந்தது. "ஏழு... மல."

"அப்பா பேர்?"

"கன்னியப்பன்."

பாட்டிலில் இருந்த சீட்டையும் ஏழுமலையின் கையில் கட்டியிருந்த பட்டையையும் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்து, பிறந்த தெருவின் தமிழில் அவர் காதில் சொன்னார்:

"டேய், கவர்னரு எங்கடா பூட்டாரு? நாளைக்கு வரச் சொல்லு. நான் காத்துகினு இருப்பேன்."

கதவு மூடிக்கொண்டது.

வெளியே வந்து சிஸ்டர் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தார். கொண்டையில் இருந்து பேனாவை எடுத்து ஷீட்டில் எழுதப் பார்த்தார். பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டார். நான் டீ வாங்கிவந்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "தோளைச் சொன்னியே தம்பி" என்றார். அவ்வளவுதான். வழக்கம்போல் செருப்பைப் பார்த்தேன்.

ஐந்தரை மணிக்குப் பெரிய டாக்டர் வெளியே வந்து, மண்ணீரலை எடுத்தாயிற்று, ரத்தம் நின்றுவிட்டது, நாளைக்குத்தான் எதுவும் சொல்லமுடியும் என்றார். இன்னும் அரைமணி நேரம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்து, மல்லிகாவைப் பார்த்து, முடிக்காமல் விட்டுவிட்டார். இளம் டாக்டர் கேஸ் ஷீட்டை வாங்கி, சிஸ்டர் மதியம் எழுதியிருந்த வரியைப் படித்தார். நானும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். நாடி, பிரஷர், நேரம் எல்லாம் எழுதி, அதற்குக் கீழே ஒரு வரி: 'கேலி செய்யவில்லை.' டாக்டர் அதற்குக் கீழே தானும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் எனக்குக் காலை ஷிஃப்ட். பெரிய சிஸ்டருக்கும் காலை ஷிஃப்ட்தான். மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாயோடு ஏழுமலை கண் திறந்திருந்தார். சிஸ்டர் பேர் கேட்டார். அவர் கொஞ்ச நேரம் உதட்டை நனைத்துக்கொண்டிருந்துவிட்டு, காற்றுப் போகிற குரலில், "ரயில்வே மந்திரி" என்றார். எட்டு மணிக்குப் போடவேண்டிய ஊசி எட்டு பத்துக்குத்தான் போடப்பட்டது.